காலை ஏழு முதல் எட்டு வரை

அடிபட்ட நாளிலிருந்து அவள் பேச்சை யாரும் பேச்சாக எடுத்துக்கொள்வதில்லை. கத்தினால் முதுகைத் தடவினார்கள். கேள்வி கேட்டால் தண்ணீர் நீட்டினார்கள். சோற்றில் உப்பு இல்லை என்று தட்டைத் தள்ளினால் அம்மா அப்பாவுக்குக் கண்ணைக் காட்டுவாள். அப்பா உடனே சுவரைப் பார்ப்பார். சுவரில் அந்தக் காகிதம் ஒட்டியிருந்தது.

ஆஸ்பத்திரியில் கொடுத்த காகிதம். மூளை குலுங்கியவரை வீட்டில் எப்படிக் கவனித்துக்கொள்வது என்று மேல்பாதி, என்னென்ன அறிகுறி வரும் என்று கீழ்ப்பாதி. தலைவலி, வெளிச்சம் கூசுவது, குமட்டல், மறதி, தூக்கம் கெடுவது. எட்டாவது வரியில் ‘எரிச்சல், சட்டென்று கோபம்’ என்று இருந்தது. அதன் அடியில் அப்பா சிவப்புப் பேனாவால் இரண்டு கோடு போட்டிருந்தார்.

“உப்பு இல்லைன்னு சொன்னா அதுவும் அறிகுறியாப்பா?”

“இல்லம்மா, இல்லம்மா,” என்றார் அவர், காய்ச்சல் வந்த கைக்குழந்தையிடம் பேசுகிற குரலில். “நீ போய்ப் படுத்துக்கோ.”

இருபத்து மூன்று வருடமாக அவளை வாயாடி என்று வைத வீடு அது. இப்போது அதே வாய்க்கு ஆஸ்பத்திரிச் சான்று கிடைத்துவிட்டது. வைவதைக்கூட அவளால் பொறுத்துக்கொள்ள முடியும். இந்தத் தடவலைத்தான் பொறுக்க முடியவில்லை.

வீட்டில் அவள் பெயர் டிகிரி. அப்பா சரக்கு வண்டி ஓட்டுகிறார். அம்மா ஒரு மாணவர் விடுதியின் சமையலறையில் பாத்திரம் தேய்க்கிறாள். இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் கல்லூரியை உள்ளே போய்ப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். வேதியியல் பட்டத்தோடு அவள் வந்து நின்ற அன்று அப்பா நெஞ்சு விரிய வைத்த பெயர் அது. இரண்டே மாதத்தில் அம்மா அதை வசவாக்கிவிட்டாள். “டிகிரி, கொடியில துணி எடுத்தியா?” “டிகிரிக்குச் சூடா டீ வேணுமாம், யாராவது போட்டுக் குடுங்க.”

அந்த டிகிரிக்கு ஒரு பெயின்ட் ஆலையில் வேலை கிடைத்திருந்தது. நிறம் பார்க்கிற வேலை. கலவைக் கூடத்தில் ஒவ்வொரு தொகுதியும் கலக்கி முடிந்ததும் ஒரு குவளை பெயின்டை எடுத்து வந்து, தகட்டில் பூசிக் காயவைத்து, ஒப்பிட வைத்திருக்கும் மூலத் தகட்டோடு சேர்த்து ஒளிப்பெட்டிக்குள் வைக்க வேண்டும். பெட்டியில் மூன்று விளக்குகள். பகல் வெளிச்சம், ட்யூப்லைட், மஞ்சள் பல்பு. ஒவ்வொன்றிலும் ஐந்து விநாடி பார்த்து, எதிரே இருக்கிற சாம்பல் சுவரில் கண்ணை ஆற்றிக்கொண்டு, மறுபடி பார்க்க வேண்டும். அவள் கையெழுத்து இல்லாமல் ஒரு டப்பாகூட வெளியே போகாது. ஆறு மாதம் தற்காலிகம், பிறகு நிரந்தரம். ஆறாவது மாதம் முடிய மூன்று வாரம் இருக்கும்போது ஷட்டர் தலையில் விழுந்தது.

பரிசோதனை அறைக்கும் கலவைக் கூடத்துக்கும் நடுவே இருக்கிற ஷட்டர். அதன் ஸ்பிரிங் உடைந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. பாதி தூக்கி, கீழே ஓர் இரும்புக் கம்பியை முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்கள். அத்தனை பேரும் குனிந்து போய்க் குனிந்து வந்தார்கள். ஃபிட்டர் புது ஸ்பிரிங் கேட்டு இரண்டு முறை எழுதிக் கொடுத்ததாகச் சொன்னார். அன்றைக்குக் காலை பதினொன்று இருபதுக்கு அவள் குவளையோடு குனிந்தாள். கம்பி சாய்ந்து நிற்பதைப் பார்த்தது நினைவிருக்கிறது. அடுத்து நினைவிருப்பது ஆம்புலன்ஸின் கூரை.

உச்சந்தலையில் ஏழு தையல். ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை. ஆஸ்பத்திரி டாக்டர் அவள் வயதை ஒத்த பெண். கண்ணுக்குக் கீழே இரண்டு நாள் தூக்கம் பாக்கி வைத்திருந்தவள். அவள் சொன்னது மிகச் சுருக்கம். “முதல் ரெண்டு நாள் நல்லா ஓய்வு. போன், டிவி வேண்டாம். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா நடக்கணும். தலைவலி கூடினா நிறுத்திட்டு உக்காரணும். நேரத்துக்குத் தூங்கணும், நேரத்துக்குச் சாப்பிடணும், தண்ணி நிறையக் குடிக்கணும். டீ காபியக் குறைங்க. வாந்தி நிக்காம வந்தாலோ, தலைவலி ஏறிக்கிட்டே போனாலோ உடனே தூக்கிட்டு வாங்க. இன்னொரு தடவை தலையில அடிபடவே கூடாது.”

“மூளைக்குத் தனியா ஏதாவது சாப்பாடு?” என்று அம்மா கேட்டாள்.

“அப்படி ஒரு மாய உணவு கிடையாதும்மா. முட்டை, கீரை, மீன், பருப்பு, பழம், உங்க வீட்டுல எது முடியுதோ அது. பட்டினி போடாதீங்க, அவ்வளவுதான்.”

அம்மாவுக்கு அதில் திருப்தியே இல்லை. இத்தனை பெரிய கட்டடத்தில் உட்கார்ந்துகொண்டு முட்டை சாப்பிடச் சொல்லவா ஒரு டாக்டர்? வீட்டுக்கு வந்ததும் தன் வைத்தியத்தைத் தொடங்கினாள். ஜன்னலுக்குக் கம்பளி கட்டினாள். இரண்டு நாள் ஓய்வு ஐந்து நாளாக நீண்டது. கழிப்பறைக்குப் போனால்கூடக் கதவுக்கு வெளியே நின்று “இருக்கியா?” என்று கேட்டாள்.

“செத்துட்டேன்,” என்றாள் டிகிரி உள்ளேயிருந்து.

“எட்டாவது வரி,” என்றார் அப்பா கூடத்திலிருந்து.

ஆறாம் நாள் அவளே கம்பளியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டு தெருமுனையை நோக்கி நடந்தாள். முதல் நாள் தபால்பெட்டி வரைக்கும்தான் போக முடிந்தது. மறுநாள் தையல்கடை. ஒவ்வொரு வண்டியின் கண்ணாடியிலும் பட்டுத் தெறித்த வெயில் ஊசி மாதிரி கண்ணுக்குள் இறங்கியது. அம்மா பத்தடி பின்னால், துப்பறிகிறவள் போல, தண்ணீர் பாட்டிலோடு வந்தாள். இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

ஆலையிலிருந்து உணவு ஆலோசகி பேசியது அந்த வாரத்தில்தான். ஊழியர் நலனுக்கென்று ஆலை அமர்த்தியிருந்த பெண்மணி. மாதம் ஒருமுறை வந்து கேன்டீன் எண்ணெயைப் பற்றிப் பேசிவிட்டுப் போவார். ஃபோன் அம்மாவின் கையில்தான் இருந்தது, ஸ்பீக்கரில் போட்டாள்.

“எப்படிடா இருக்கே? நாங்க எல்லாரும் உனக்காகக் கவலைப்படறோம். உன் மூளை சீக்கிரம் குணமாக ஒரு தனித் திட்டம் போட்டிருக்கேன். இருபத்தோரு நாள். அதுக்கு முன்னாடி உன் பழைய பழக்கவழக்கம் எனக்குத் தெரியணும். ஒரு படிவம் அனுப்பறேன். அடிபடறதுக்கு முந்தின ஏழு நாள் என்ன சாப்பிட்டே, எவ்வளவு தூங்கினே, எல்லாத்தையும் மறைக்காம எழுது. பரீட்சை மாதிரி பயப்படாதே.”

பரீட்சை என்ற சொல்லை அந்த ஆலோசகி சொல்லியிருக்க வேண்டாம்.

திட்டமும் வந்தது, படிவமும் வந்தது. அப்பா கடையில் கொடுத்து அச்செடுத்து வந்தார். திட்டத்தில் வால்நட், ப்ளூபெர்ரி, அவகாடோ, மீன் எண்ணெய் மாத்திரை என்று இருந்தது. அம்மா அதை ஒரு முறை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, “இதுல பாதி பழமா பூச்சியான்னே தெரியலை,” என்று சொல்லி அதன் பின்பக்கத்தில் பால்காரருக்கான குறிப்பை எழுதி வைத்தாள். மற்றபடி ஒரு நாளைக்கு இரண்டு முட்டை அவித்தாள். கீரையை மசித்தாள். மலிவாகக் கிடைத்த சின்ன மீனைக் குழம்பாக்கினாள். அரை மணிக்கு ஒரு தம்ளர் தண்ணீரைக் கடன்காரி மாதிரி வந்து நீட்டினாள்.

ஆனால் படிவத்தை டிகிரி விடவில்லை. அங்கேதான் அவள் தப்புச் செய்தாள். பெரிய வீட்டுப் பிள்ளையாக இருந்தால் அதைச் சுருட்டி எறிந்திருக்கும், அல்லது வாய்க்கு வந்ததை எழுதியிருக்கும். இவள் வேறு ஜாதி மாணவி. கட்டம் என்று ஒன்று இருந்தால் நிரப்பியே தீர வேண்டும், நிரப்பினால் உண்மையை நிரப்ப வேண்டும், அதையும் குண்டு குண்டாக அடித்தல் திருத்தல் இல்லாமல் நிரப்ப வேண்டும் என்று நம்பித்தான் அவள் பாத்திரம் தேய்க்கிற வீட்டிலிருந்து பட்டம் வரை வந்திருந்தாள். ஐந்து நிமிடம் எழுதினால் பத்து நிமிடம் கண்ணை மூடிப் படுத்தாள். இரண்டு நாள் ஆயிற்று.

முதல் பக்கத்தில் மூன்று வேளைச் சாப்பாடு. முதல் கட்டத்தின் தலைப்பு: காலை உணவு, 7 முதல் 8 வரை. அவள் வேலை ஆறு மணிக்குத் தொடங்குகிறது. அந்த வாரம் ஞாயிறும் வேலை இருந்தது. ஏழிலிருந்து எட்டுக்குள் அவள் எதுவும் சாப்பிட்டதில்லை. பரிசோதனை அறைக்குள் உணவு கொண்டு போகவே கூடாது. ஆகவே ஏழு நாளுக்கும் ‘இல்லை’ என்று எழுதினாள். ஏழு ‘இல்லை’. தூக்கம்: ஐந்து மணி நேரம். டீ: நான்கு. இரண்டாம் பக்கத்தில் ‘மற்ற நேரங்களில் உண்டவை’ என்று வெறும் கோடுகள் இருந்தன. அங்கே ஏழு முறையும் எழுதினாள்: காலை 9.30 இடைவேளையில் வீட்டிலிருந்து கொண்டு போன ரொட்டி, முட்டை, வாழைப்பழம்.

அம்மா இரண்டு பக்கத்தையும் படமெடுத்து அனுப்பினாள். “அருமைடா,” என்று பதில் வந்தது.

பதினோராம் நாள் மேனேஜர் அழைத்தார்.

“ஒண்ணுமில்லம்மா, விபத்து அறிக்கையை முடிக்கணும். ஒரு கையெழுத்து. உன் நிரந்தர ஆணையும் மேசைமேலதான் இருக்கு. ரெண்டையும் ஒரே நாள்ல முடிச்சுக்கலாம். வண்டி அனுப்பறேன்.”

வண்டி அனுப்புகிறேன் என்று அந்த மனிதர் சொல்லி அவள் கேட்டதே இல்லை. இருந்தும் போனாள். நிரந்தரம் என்ற சொல் அவள் வீட்டில் யாருக்கும் வாய்க்காத சொல். அப்பாவின் வண்டி முதலாளி அவரை நாள்தோறும் புதிதாக வேலைக்கு எடுக்கிறார், நாள்தோறும் நீக்குகிறார்.

தனியாகப் போகக் கூடாது என்று அம்மா விடுதிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு உடன் வந்தாள். தோளில் ஒரு துணிப்பை. அதில் தண்ணீர், முட்டை, வாழைப்பழம், ஆஸ்பத்திரிக் காகிதம்.

மேனேஜர் அறையில் ஆலோசகியும் இருந்தார். தலைக்கு மேல் நான்கு ட்யூப்லைட். உள்ளே நுழைந்ததுமே டிகிரிக்குக் கண் இடுங்கியது. மேனேஜர் ஒரு தாளைத் தள்ளினார்.

“படிச்சுப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடு. பன்னிரண்டு மணிக்கு வெளியூர்லேர்ந்து பெயின்ட் வாங்கற பார்ட்டி வர்றாங்க. அவங்களுக்கு ஆலையைச் சுத்திக் காட்டணும்.”

மணி பதினொன்று. அவள் தாளை எடுத்தாள். முதல் வரியைப் படிப்பதற்குள் இரண்டாவது வரி அதன்மேல் வந்து ஏறியது. எழுத்துகள் வெயிலில் கிடக்கும் எறும்பு போல ஓடின. பதினாறு வருடம் எந்தப் படிப்பை வைத்து ஊரை வாயடைத்தாளோ அது கைவிட்டது. பின்மண்டையில் வலி மெல்ல எழுந்து உட்கார்ந்தது.

“நான் படிக்கட்டுமா?” என்று ஆலோசகி கையை நீட்டினார்.

“வேண்டாம். அம்மா, நீ படி.”

அம்மா ஐந்தாம் வகுப்பு. அவள் ஒரு வரி படித்து முடிப்பதற்குள் பால் பொங்கி அடுப்பே அணைந்துவிடும். தாளை முகத்துக்கு நேரே பிடித்து, விரலை வைத்து, ஒவ்வொரு சொல்லாக உரக்கப் படிக்கத் தொடங்கினாள். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார்.

“மேற்... மேற்படி பணியாளர்... கடந்த ஏழு நாட்களாக... காலை உணவு... உட்... உட்கொள்ளாமலும்... போதிய தூக்கம்... இல்லாமலும்... இருந்த காரணத்தால்... மயக்கம் ஏற்பட்டு... ஷட்டரின் மீது சாய்ந்ததில்...”

விரல் நின்றது. அம்மா தாளைக் கீழே வைக்கவில்லை. தாளுக்கு மேலாக முதலில் மகளைப் பார்த்தாள்.

“ஏன்டி, நான் உன்னைப் பட்டினி போட்டேனா?”

“நான் அப்படி எழுதலை.”

“பின்ன இவங்க கனவு கண்டாங்களா? நாலு மணிக்கு எழுந்து டப்பா கட்டறேன். முட்டையை உரிச்சு வேற வைக்கிறேன், மகாராணிக்கு நகம் வலிக்கும்னு. ஏழு நாளா சாப்பிடலையாம். ஊர் உலகத்துக்குத் தெரிஞ்சா என் மூஞ்சியில காறித் துப்பும்.”

“அம்மா, இப்ப கோபப்பட வேண்டியது என்மேல இல்ல.”

ஆலோசகி இனிமையாகக் குறுக்கிட்டார். “அம்மா, அவளே கைப்பட எழுதினதுதான். பாருங்க.” முதல் பக்கத்தின் அச்சு மேசைக்கு வந்தது. குண்டு குண்டாக ஏழு ‘இல்லை’. “சின்ன வயசுப் பசங்க எல்லாரும் இப்படித்தான். சர்க்கரை இறங்கினா மயக்கம் வரும். இதுல யார் தப்பும் இல்ல.”

“ரெண்டாம் பக்கம் எங்க மேடம்?” என்றாள் டிகிரி.

“எந்த ரெண்டாம் பக்கம்?”

“ரெண்டு படம் அனுப்பினது நான்தான்,” என்றாள் அம்மா. “மொத படம் ஆடிப்போச்சுன்னு ரெண்டாவது தடவையும் எடுத்தேன். ஃபோனைத் தர்றேன், பாருங்க.”

ஆலோசகி தன் ஃபோனைப் பார்த்தார், மேனேஜரைப் பார்த்தார், பிறகு தன் நகத்தைப் பார்த்தார். “அது நொறுக்குத் தீனிக்கான பக்கம். அதை நான் கணக்குல எடுத்துக்கலை.”

“ரொட்டியும் முட்டையும் நொறுக்குத் தீனியா? ஒன்பதரைக்குச் சாப்பிட்டேன். ஷட்டர் விழுந்தது பதினொண்ணு இருபதுக்கு. நடுவுல ரெண்டு மணி நேரம்கூட இல்ல. எங்கேர்ந்து மேடம் சர்க்கரை இறங்கும்?” குரல் ஏறியது. ஏறும்போதே தலைக்குள் யாரோ சுத்தியலை எடுப்பது தெரிந்தது. “இருபத்தோரு நாள் திட்டம்னு சொல்லி என்கிட்டேயே வாக்குமூலம் வாங்கியிருக்கீங்க. அவகாடோ எனக்கு, அறிக்கை உங்களுக்கு.”

மேனேஜர் இரண்டு கையையும் தூக்கினார். முகத்தில் அந்தத் தடவுகிற சிரிப்பு வந்தது. “பார்த்தியா, கோபம் வருது. உன்மேல தப்பில்லம்மா. தலையில அடிபட்டா அப்படித்தான், எரிச்சல் வரும், குழப்பம் வரும். நானும் படிச்சேன். அதனாலதான் நீ சொல்றதை அப்படியே எடுத்துக்க முடியலை.”

“சார்,” என்றாள் அம்மா. “இவ ஒண்ணாங்கிளாஸ்ல டீச்சரையே நீங்க போட்ட கணக்கு தப்புன்னு சொல்லி வெளியில நின்னவ. கல்யாண வீட்டுல மாப்பிள்ளையோட அப்பாவைக் கேள்வி கேட்டு மானத்தை வாங்கினவ. நானும் என் புருஷனும் அடி, கெஞ்சல் எல்லாம் பார்த்தாச்சு. இது அடிபட்டு வந்த கோபம் இல்ல. பிரசவத்துலேயே கூட வந்தது.”

மகளைக் காப்பாற்றுகிற தொனியே அதில் இல்லை. பல வருடப் புகாரை இப்போதாவது ஒருத்தர் கேட்கிறாரே என்கிற தொனிதான் இருந்தது. மேனேஜரின் சிரிப்பு பாதியில் நின்றது.

“சரி. உனக்கு என்ன நடந்ததுன்னு ஞாபகம் இருக்கா?” என்று கேட்டார் டிகிரியிடம்.

“கம்பி சாய்ஞ்சு நின்னது ஞாபகம் இருக்கு. நான் குனிஞ்சது ஞாபகம் இருக்கு. அடி விழுந்தது ஞாபகம் இல்ல.”

“அப்ப மயக்கம் வந்திருக்கலாம்.”

“வந்துச்சா வரலையான்னு எனக்கே தெரியாது. உங்களுக்கு எப்படி சார் தெரியும்?”

அம்மா எழுந்து மகளின் தொப்பியைக் கேட்காமலே கழற்றினாள். மழித்த உச்சந்தலையில் ஏழு தையல், காய்ந்த கறுப்புப் பூரான் மாதிரி.

“மயங்கிச் சாயறவளுக்கு உச்சியில எப்படி சார் அடிபடும்? தலைகீழாவா விழுந்தா? கிட்ட வந்து தொட்டுப் பாருங்க.”

மேனேஜர் தொடவில்லை. நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளினார்.

“காலை உணவு வரியை அடிச்சுடறேன். மத்ததுல கையெழுத்துப் போடு. மயக்கம்னு இருந்துட்டுப் போகட்டும். உனக்கு நிரந்தரம், எங்களுக்கு அறிக்கை. இல்லைன்னா...” மேசைமேல் இருந்த நிரந்தர ஆணைக் கவரை ஒரு விரலால் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அந்தக் கவரை அவள் பார்த்தாள். ஆறு மாதமாக அந்தக் கவரைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த மாதம் தலைவலி நிற்காமல் போனால், மஞ்சளுக்கும் வெண்மஞ்சளுக்கும் வித்தியாசம் தெரியாமல் போனால், ‘மயக்கக்காரி, சாப்பிடாத பெண்’ என்று அவள் கையெழுத்தைக் காட்டியே வெளியே அனுப்பலாம். ஷட்டருக்குக் கீழே நாளைக்கு வேறு யாராவது குனிவார்கள்.

“நான் சொல்றதை எழுதித் தர்றேன். அதை வாங்கிக்கிட்டேன்னு நீங்க கையெழுத்துப் போடுங்க. அதுக்கப்புறம் என்ன வேணா செய்யுங்க.”

“அந்த மாதிரி வழக்கமே இல்ல.”

“அப்ப நான் காத்திருக்கேன்.”

“எதுக்கு?”

“தலைவலி கூடினா நிறுத்திட்டு உக்காரணும்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. கூடிடுச்சு. உக்காந்திருக்கேன்.” அவள் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினாள். “லைட்டை மட்டும் அணைச்சுடுங்க சார். கண் கூசுது.”

அம்மா போய்ச் சுவிட்சை அணைத்தாள். நான்கு ட்யூப்லைட்டும் போயின. திரைச்சீலை வழியே சாம்பலாக ஒரு வெளிச்சம் மட்டும் தங்கியது. மேனேஜர் தன் சொந்த அறையில் இருட்டில் உட்கார்ந்திருந்தார்.

“இது என்ன கூத்து?”

“ஆஸ்பத்திரிக் காகிதம் இருக்கு, காட்டவா?” என்றாள் அம்மா. பையைத் திறந்தாள். முதலில் தண்ணீர் வந்தது. மகள் குடித்தாள். பிறகு முட்டை. அம்மா மேனேஜரின் கண்ணாடி மேசைமேல் டக் டக்கென்று தட்டி, ஓட்டை உரித்துப் பேனா ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் குவித்தாள். குளிரூட்டிய அறையில் அவித்த முட்டையின் வாசம் நிதானமாகப் பரவியது. ஆலோசகி கைக்குட்டையை எடுத்தார்.

“மேடம், இது நல்லதா கெட்டதா?” என்று அம்மா முட்டையைக் காட்டிக் கேட்டாள். ஆலோசகி ஒரு சந்திப்பு இருப்பதாகச் சொல்லி எழுந்து போனார்.

டிகிரி கண்ணை மூடியபடியே சொன்னாள். “அம்மா, பேனாவை எடு. நான் சொல்றேன், நீ எழுது.”

“என் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும்டி.”

“இருக்கட்டும்.”

“நிரந்தரம் போயிடும். அப்பாகிட்ட நீயே சொல்லிக்கோ. நான் வாயைத் திறக்க மாட்டேன்.”

“சரி. எழுது.”

மேனேஜரின் மேசையிலிருந்தே ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, ஜன்னல் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அம்மா எழுதினாள். ஸ்பிரிங் உடைந்து இரண்டு வாரம். முட்டுக்கு ஒரு கம்பி. ஃபிட்டர் இரண்டு முறை எழுதிக் கொடுத்தது. ஒன்பதரைக்கு ரொட்டி, முட்டை, வாழைப்பழம். கம்பி சாய்ந்திருந்தது. குனிந்தேன். அதற்குப் பின் நினைவில்லை. ஏழு வாக்கியம். ஒவ்வொரு எழுத்துக்கும் அம்மாவின் நாக்கு உதட்டோரத்தில் வந்து வந்து போனது. நடுவில் இருமுறை நிறுத்தி, “மெதுவா சொல்லித் தொலை, நான் என்ன மெஷினா?” என்று கடிந்தாள். ஒரு முறை நிறுத்தித் தண்ணீர் கொடுத்தாள்.

பதினொன்று ஐம்பத்து மூன்றுக்குக் கதவு தட்டப்பட்டது. பார்ட்டி வாசலுக்கு வந்துவிட்டதாக வரவேற்பறைப் பெண் சொன்னாள். இருட்டையும் முட்டை ஓட்டையும், மழித்த தலையோடு சாய்ந்து கிடந்தவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“ரெண்டு நிமிஷம்,” என்றார் மேனேஜர். கதவு சாத்தியதும் டிகிரியிடம் பல்லைக் கடித்துக்கொண்டு, “எழுந்து போறியா இல்லையா?” என்றார்.

“ஓய்வு முடியலை சார்.”

“செக்யூரிட்டியைக் கூப்பிடுவேன்.”

“கூப்பிடுங்க. தலையில இன்னொரு அடி படவே கூடாதாம். பார்த்துத் தூக்கச் சொல்லுங்க. பார்ட்டி வாசல்லதான் நிக்கிறாங்க.”

அவர் அம்மாவின் கையிலிருந்து தாளைப் பிடுங்கினார். படிக்கவில்லை. அடியில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று கிறுக்கிக் கையெழுத்துப் போட்டார்.

“தேதி,” என்றாள் டிகிரி.

போட்டார்.

“நேரம்.”

போட்டார். அம்மா எழுந்து அந்தத் தாளைத் தன் ஃபோனில் படமெடுத்தாள். ஆடிப்போனதென்று மறுபடி ஒன்று எடுத்தாள்.

“நிரந்தரம் பத்தி இனிமே என்கிட்ட வந்து நிக்காதே,” என்றார் அவர், கவரை இழுப்பறையில் போட்டுப் பூட்டியபடி. “உன் தற்காலிகக் காலத்தை மூணு மாசம் நீட்டிக்கச் சொல்லி எழுதப்போறேன். அதுக்கப்புறம் பார்க்கலாம்.”

“எழுதுங்க. என்ன காரணம்னும் எழுதுங்க. ரெண்டு பக்கத்தையும் படிச்சுட்டுத்தான் இனி கையெழுத்துப் போடுவேன்.”

வெளியே போகும்போது வண்டி இல்லை. பேருந்து நிறுத்தம் வரை நடக்க வேண்டியிருந்தது. வெயில் உச்சிக்கு வந்திருந்தது. டிகிரி தொப்பியை இழுத்துவிட்டு, தரையை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தாள். அம்மா இம்முறை பத்தடி பின்னால் வரவில்லை. பக்கத்திலேயே வந்து வழி நெடுக வைதாள். வாய்க்கொழுப்பு, திமிர், படிச்ச திமிர், அப்பன் கொடுத்த செல்லம், நாளைக்கு யார் சோறு போடுவது, முட்டை என்ன மரத்திலா காய்க்கிறது. ஒரு வார்த்தையிலும் தடவல் இல்லை. பதினோரு நாளில் முதல்முறையாக டிகிரிக்கு மூச்சு ஒழுங்காக வந்தது.

நிறுத்தத்தில் நிழல் இருந்த பக்கமாக அவளைத் தள்ளி உட்காரவைத்துவிட்டு அம்மா கேட்டாள்:

“வலி எப்படி இருக்கு?”

“உயிர் போகுது.”

“போகட்டும்,” என்றாள் அம்மா. “தண்ணியக் குடி.”